கோவில்பட்டிப் பண்ணையில் ஒரு வெள்ளாமை

போன மாதம் அருப்புக்கோட்டைக்குப் போனபோது, கோவிலாங்குளத்தில் இறங்கி அங்கேயுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் குதிரைவாலி விதை இருக்கிறதா என்று விசாரித்து வரச் சொன்னான் என் தம்பி மகன். வாசலைத் தாண்டி உள்ளே போனதும் என் கண் விதைக் கிட்டங்கியைத் தேடவில்லை. மழைமானி எங்கே நிற்கிறது என்றுதான் தேடியது. நாற்பது வருஷம் ஆகியும் போகாத பழக்கம். அது என்னிடம் ஒட்டிக்கொண்ட இடம் கோவில்பட்டி.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளாமைக் காலம், ஆடி முதல் பங்குனி வரை, கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் தினக்கூலிக் களப்பணியாளனாக இருந்தேன் என்பது பலருக்குத் தெரியாது. எண்பதுகளின் தொடக்கம். எம்.ஜி.ஆர். முதலமைச்சர். 1980 கடைசியில் கர்ணம், மணியம் பதவிகளையெல்லாம் அரசு ஒழித்துவிட்டு, இனிமேல் பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுப்போம் என்று சொல்லியிருந்தது. நான் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். வீட்டில் சும்மா கிடக்க அய்யா விடவில்லை. கோவில்பட்டியில் இருந்த மாமா ஒருவர், "பண்ணையில படிச்ச பையன் ஒருத்தன் வேணுமாம், நோட்டு எழுத" என்று சொல்லி அனுப்பினார். துணிப்பையில் இரண்டு வேட்டி சட்டையோடு எம்.ரெட்டியபட்டியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று மாறிப் போய்ச் சேர்ந்தேன். அப்போது நாங்கள் இராமநாதபுரம் மாவட்டம். கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டம். விருதுநகரைத் தலைநகராக வைத்து எங்களுக்குத் தனி மாவட்டம் 1985-ல்தான் வந்தது.

மாவட்டம் வேறாக இருந்தாலும் மண் ஒன்றுதான். திருச்சுழியிலிருந்து கோவில்பட்டி தாண்டி இடைசெவல் வரைக்கும் கரிசல் ஒரே விரிப்பாகக் கிடக்கிறது. நடுநடுவே செவலும் பொட்டலும். வருஷத்துக்கு 700 மி.மீ. சொச்சம் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி நாளெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை.

பண்ணையின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். 1901-ல் வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியே அதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான், 1906-ல் அங்கே வந்தது. அவ்வளவு சீக்கிரம் இந்த வறண்ட காட்டில் பண்ணை போட அவனுக்கு என்ன அக்கறை என்று நான் அந்த நாளில் யோசித்தது உண்டு. அக்கறை நம் மேலே இல்லை, பருத்தி மேலே. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடந்தபோது லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பருத்தி வராமல் நின்றது. அப்போது இந்தியப் பருத்திக்கு வந்த கிராக்கியைச் சொல்லி முடியாது. எங்கள் கரிசலில் விளைந்த பருத்தி மாட்டு வண்டியில் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறியது. 'தின்னவேலி' என்பது அந்தப் பருத்திக்குச் சந்தைப் பெயர். சண்டை முடிந்து விலை விழுந்தது; ஆனால் பெயர் நின்றது. பிறகு ஹார்வி கம்பெனி அம்பாசமுத்திரத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் மில் போட்டதும் உள்ளூரிலேயே கேட்க ஆள் வந்துவிட்டது.

பெயருக்கு ஆபத்து எங்கிருந்து வந்ததென்றால் எங்கள் கையிலிருந்துதான். கரிசலில் இரண்டு நாட்டுப் பருத்தி உண்டு. ஒன்று உப்பம், இன்னொன்று கருங்கண்ணி. கருங்கண்ணிதான் இதில் ஒசத்தி. ஆணிவேர் ஆழமாக இறங்கும். தை மாதம் மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போதும் அடியில் இருக்கிற ஈரத்தைத் தேடிப் பிடித்து நிற்கும். இதற்குள் புளிச்சை என்று ஒரு சாதி கலந்துவிட்டது. புளிச்சையின் பஞ்சு வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் குட்டையானது, முரடு. நூலுக்கு ஆகாது. அப்புறம் ஏன் கலந்தது? அரைத்தால் பஞ்சு கூட விழும். ஒரே எடைப் பருத்தியை ஜின்னில் போட்டால் கருங்கண்ணியில் விழுவதைவிடப் புளிச்சையில் பஞ்சு அதிகம், கொட்டை குறைவு. வியாபாரிக்கு அது லாபம். சம்சாரிக்கும் எடையில் தட்டுக் கெடவில்லை. மில்காரன் மட்டும் தலையில் கை வைத்தான். கலப்பு கூடக்கூட மொத்தப் பருத்திக்குமே மதிப்பு இறங்கியது. அந்த நஷ்டம் சுற்றி வந்து சம்சாரி வீட்டில்தான் விடிந்தது. கடைசியில் 1932-ல் மெட்ராஸ் மாகாணத்தில் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று போட்டுத்தான் புளிச்சையைத் தடுக்க வேண்டி வந்தது. ஒரு செடியைப் பயிரிடக் கூடாது என்று சட்டம்! பண்ணையிலிருந்த வயசான மேஸ்திரி ஒருவர், தன் தகப்பனார் காலத்தில் காட்டுக்குள் இறங்கிப் புளிச்சைச் செடியை அடையாளம் பார்த்துப் பிடுங்கிப் போட்ட கதையைச் சொல்லுவார். இலையின் வெட்டை வைத்தே கண்டுபிடிப்பார்களாம்.

சட்டம் போட்டால் மட்டும் போதுமா? புளிச்சையை விட்டால் அதற்குப் பதில் நல்ல கருங்கண்ணி விதை கொடுக்க வேண்டும். அந்த வேலையைத்தான் கோவில்பட்டி எடுத்துக்கொண்டது. நல்ல செடியாகத் தேர்ந்தெடுத்து, அதன் விதையைத் தனியே பெருக்கி, வருஷா வருஷம் கழித்துக் கழித்து நிறுத்துவது. இந்திய மத்தியப் பருத்திக் குழு 1921-ல் ஏற்பட்ட பிறகு இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பணம் கிடைத்தது. கோவில்பட்டியில் தேறிய ரகங்களுக்குக் 'கே' என்ற எழுத்து. கே 7, கே 8, கே 9 என்று நம் அப்பாக்கள் பேசிக்கொண்டதெல்லாம் இந்தக் கோவில்பட்டி எழுத்துதான். கே 2 மிளகாய் தெரியும் அல்லவா? அதுவும் இங்கே பிறந்ததே. அதன் தாய் தகப்பனில் ஒன்று நம்ம சாத்தூர் சம்பா.

இன்னொரு வேடிக்கை. பல்லாரி, கர்நூல் பக்கத்துக் கரிசலில் கொர்ரு என்ற விதைக் கருவியும், குண்டக்கை என்ற மாடு கட்டிக் களை ஓட்டும் கருவியும் காலங்காலமாக உண்டு. வரிசையாக விதை விழும், வரிசைக்கு நடுவில் மாட்டை ஓட்டிக் களை எடுக்கலாம். அந்தக் காலத்து வேளாண்மை இலாகாக்காரர்கள் அவற்றை இங்கே கொண்டுவந்து, வீசி விதைத்துப் பழகிய நம் சம்சாரிகளுக்குக் காட்டினார்கள். தெலுங்குச் சீமையிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ ஊர்களைப் பெயரோடு இங்கே உண்டாக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரே சாட்சி. வரும்போது கொர்ருவையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "அவுக வந்த அவசரம் என்னவோ" என்றார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். முதல் நாளே என்னிடம் கொடுத்தது ஒரு நோட்டும் கண்ணாடி அளவுக் குடுவையும். தினமும் காலை சரியாக 8.30-க்கு மழைமானியைத் திறந்து பார்த்து எழுத வேண்டும். மழை இல்லாத நாளும் எழுத வேண்டும். ஆடி முழுக்க நான் எழுதியது சைபர் சைபர் என்றுதான். "இதைப் போய் ஏன் எழுதணும்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அங்கே இருந்த அதிகாரி கோபப்படவில்லை. பீரோவைத் திறந்து பழைய பதிவேடுகளைக் காட்டினார். பழுப்பேறிய தாள், மை நீலம் மங்கிக் கறுப்பாகிவிட்டது. வருஷம் வருஷமாக யார் யாரோ என்னைப் போல எழுதிய சைபர்கள். "எந்த வாரம் மழை வரும்னு நமக்குத் தெரியாது தம்பி. ஆனா எத்தனை வருஷத்துல எத்தனை தடவை எந்த வாரம் வந்துச்சுன்னு இது சொல்லும்" என்றார்.

அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் அவர்கள் ஒரு முக்கியமான காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். 1970-ல் மத்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம், கனடா நாட்டு ஒத்துழைப்போடு, நாடு முழுக்க 23 இடங்களில் மானாவாரி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அதில் கோவில்பட்டியும் ஒன்று. அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. என் காலத்தில் அங்கே அதிகமாகப் பேசப்பட்டது பருவமழைக்கு முந்திய விதைப்பு, நம் பேச்சில் புழுதி விதைப்பு.

விஷயம் இதுதான். நம் கரிசலில் மழை பெய்த பிறகு விதைக்கலாம் என்றால், பெய்த மழை காய்ந்து ஏர் இறங்கும் பதம் வர நாளாகும். கரிசல் நனைந்தால் காலை வைக்க முடியாது. செருப்பில் அரை வீசை மண் அப்பிக்கொள்ளும். பதம் வருவதற்குள் அடுத்த மழை பிடித்துவிட்டால் மறுபடி காத்திருக்க வேண்டும். இப்படியே இரண்டு வாரம், மூன்று வாரம் போய்விடும். அங்கே போன நாளைத் தை மாதம் திருப்பிக் கேட்கும். காய் பிடிக்கிற நேரத்தில் நிலத்தில் ஈரம் இருக்காது. ஆகவே மழைக்கு முன்பே, செப்டம்பர் நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள், காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டு வைத்துவிட்டால், விழுகிற முதல் நல்ல மழையிலேயே முளைத்து எழுந்துவிடும். நாளும் மிச்சம், மழையும் மிச்சம்.

கேட்பதற்கு எளிது. சூது எங்கே என்றால், புரட்டாசியில் ஏமாற்று மழை ஒன்று வரும். நாலு தூறல் போட்டு விதையை எழுப்பிவிட்டுப் போய்விடும். எழுந்த முளை வெயிலில் கருகும். அதற்குத்தான் ஆழம். 5 செ.மீ. ஆழத்தில் விதை இருந்தால் சின்ன மழையின் ஈரம் அதுவரை இறங்காது. 20, 25 மி.மீ. மழை ஒரேயடியாக விழுந்தால்தான் விதை நனையும். அந்த அளவு மழை விழுந்த நிலத்தில் முளை கொஞ்ச நாள் தாங்கும். விதையே மழைமானி ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோள விதையாக இருந்தால் அதைப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதவீதக் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, மறுபடி நிழலில் பழைய காய்ச்சலுக்கே காயவைப்பார்கள். அப்படி ஒருமுறை நனைந்து காய்ந்த விதை வறட்சியைத் தாங்கும். விதையைக் கடினப்படுத்துதல் என்று அதற்குப் பெயர்.

நான் இதையெல்லாம் ஆவணி மாதம் கேட்டேன். கேட்டவன் பாதியை மட்டும் காதில் வாங்கினேன்.

எங்களுக்கு ஊரில் நாலு குறுக்கம் கரிசல். அய்யா ஈரம் கண்டு விதைக்கிற ஆள். அவருடைய அய்யாவும் அப்படித்தான். புரட்டாசி பிறந்ததும் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு ஊருக்கு வந்து, புழுதியில் விதைக்கணும் என்று ஆரம்பித்தேன். அய்யா பேசவில்லை. அம்மாதான், "படிச்ச பிள்ளை, பண்ணையில இருக்கான், சொன்னாக் கேட்டா என்ன" என்றாள். கடைசியில் அய்யா, "ரெண்டு குறுக்கம் உன் இஷ்டம், ரெண்டு குறுக்கம் என் இஷ்டம்" என்று தீர்ப்புச் சொன்னார். விதை வாங்கக் கையில் பணம் இல்லை. அம்மா காதிலிருந்த தண்டட்டியைக் கழற்றித் துணியில் முடிந்து கொடுத்தாள். அருப்புக்கோட்டையில் அடகு வைத்து விதை வாங்கி வந்தேன்.

எனக்கு இருந்தது ஒன்றரை நாள். ஏர் பின்னால் நடந்து சாலில் விதை போட இரண்டு பொம்பளை ஆள் வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஆள் கிடைக்கவில்லை. நான் என்ன செய்தேன்? விதையைச் சாணிக் கரைசலில் பிசைந்து உலர்த்தி, நிலத்தில் வீசிவிட்டு, மேலோட்டமாக ஒரு உழவு போட்டு மூடிவிட்டேன். தேதி சரி. புழுதி சரி. ஆழம் மட்டும் இல்லை. பாதி விதை நகக்கண் ஆழத்தில் கிடந்தது. "இவ்வளவு மேலாவா போடச் சொன்னாக?" என்று அய்யா கேட்டார். "எல்லாம் முளைக்கும்" என்றேன். அதுவும் பொய்யில்லை, முளைத்தது.

எட்டாம் நாள் தூறல். எங்கள் ஊரில் ஒரு விரல் ஈரம். காடு பச்சையாகிவிட்டது என்று கார்டு வந்தது. நான் மேஸ்திரியிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். அவர் கார்டை வாங்கிப் பார்க்கவில்லை. "ஒரு விரல் ஈரத்துல எப்படித் தம்பி முளைக்கும்?" என்றார். அந்த வாரம் பண்ணையிலும் தூறல்தான் விழுந்திருந்தது. என்னைப் பாத்திக்குக் கூட்டிப்போய், கொர்ரு ஓடிய கோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார். மேலே ஈரம். ஒரு கணு இறங்கியதும் புழுதி. இரண்டாம் கணுவில் விதை, போட்டது போட்டபடி, சாணிப்பூச்சு உதிராமல். எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உலர்ந்து, தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நிமிஷமே ஊர்க்காடு தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பதினாறு நாள் வெயில். தினம் காலை 8.30-க்குச் சைபர் எழுதினேன். ஒவ்வொரு சைபரும் எங்கள் இரண்டு குறுக்கத்தின் மேலே எழுதியதாகவே இருந்தது. ஐப்பசியில் மழை இறங்கியபோது பண்ணைப் பருத்தி வரிசை பிடித்து ஒரே மாதிரி எழுந்து நின்றது. ஊரில் அய்யா கருகின காட்டை மறுபடி உழுது, கடனுக்கு விதை வாங்கி, ஈரத்தில் விதைத்தார். நான் தீபாவளிக்குப் போனபோது அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் காதைச் சேலை முந்தானையால் மூடியே இருந்தாள், நான் பார்க்கக் கூடாதென்று.

வேலையைக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான் என்று சொல்ல வேண்டும். முளைக்குச்சி அடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் 'ஏன்' என்று கேட்டேன். ஒரே ரகத்தை ஏன் மூன்று நாலு இடத்தில் பாத்தி பிரித்துப் போடுகிறார்கள்? நிலத்தில் ஒரு மூலை உரமாக இருக்கும், ஒரு மூலை சப்பையாக இருக்கும். ஒரே இடத்தில் போட்டால் மண்ணின் குணத்தை ரகத்தின் குணமென்று ஏமாந்துவிடுவோம். ஓர வரிசையை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை? ஓரத்துச் செடிக்கு வெளிச்சமும் இடமும் கூட, காய் கூடத்தான் வைக்கும்.

எனக்குப் பிடித்த வேலை மார்கழி, தையில் பூ கட்டுவது. கருங்கண்ணிப் பூ மஞ்சள்; உள்ளே அடியில் சிவப்பு ஒரு திட்டு. காலையில் விரியும், மறுநாள் சிவந்து சுருண்டுவிடும். இரண்டு ரகத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்று சாயங்காலமே பிரித்து, மகரந்தப் பைகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, உறை போட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் வேறு ரகத்துப் பூவைக் கொண்டுவந்து தடவி, தேதி எழுதிய அட்டையைக் கட்ட வேண்டும். பொம்பளை ஆள்களுக்கு அந்த நகவேலை கைவந்த கலை. என் நகம் பட்டால் சூல்முடி ஒடிந்துபோகும். "தம்பிக்கு நோட்டுதான் லாயக்கு" என்று சிரிப்பார்கள். அந்த அக்கா ஒருத்தி கட்டிய அட்டைகளில் ஏதாவது ஒன்று பின்னாளில் ஒரு 'கே' எண் ஆகியிருக்குமோ என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. ரகத்துக்கு எண் உண்டு. கட்டிய கைக்குப் பெயர் எந்த ஏட்டிலும் கிடையாது.

மாசி, பங்குனியில் பருத்தி எடுப்பு. பாத்தி வாரியாகத் தனித்தனிப் பை, தனித்தனி எடை. பிறகு கொட்டையோடு ஒட்டியிருக்கும் பஞ்சைச் சீப்பால் வாரி, ஒளிவட்டம் போல் விரித்து, கறுப்புத் துணி போர்த்திய பலகையில் வைத்து நீளம் அளப்பார்கள். வியாபாரி இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துச் சொல்வதை அளவுகோல் வைத்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பங்குனி கடைசியில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. கடைசிக் கூலியில் கடலை மிட்டாய் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். தண்டட்டியை என் முதல் இரண்டு மாதச் சம்பளத்தில்தான் மீட்க முடிந்தது.

அடுத்த ஆவணியில் அய்யாவே ஆரம்பித்தார். "இந்த வருசமும் புழுதியிலேயே போடுவோம். ஆனா வீசப்படாது." நான் ஆச்சரியத்தில் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லாததை அவர் கருகின காட்டைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார். உழவு மாட்டின் குளம்பு பட்டு ஆழமாக அமுங்கிய இடத்தில் விழுந்திருந்த விதை மட்டும் அந்த ஏமாற்று மழையில் எழும்பாமல் கிடந்து, ஐப்பசி மழைக்கு முளைத்ததாம். மறு உழவு போடும்போது அந்த இரண்டு மூன்று இடத்தை விட்டுவிட்டு உழுதிருக்கிறார். அந்தச் செடிகள் பின்னால் விதைத்ததைவிட முந்திப் பூத்ததையும் கவனித்திருக்கிறார். இதை என்னிடம் ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னார். பண்ணையில் நாலு பாத்தி பிரித்துச் செய்கிற சோதனையை, நான் பாழாக்கிய காட்டிலேயே அவர் செய்து முடித்திருக்கிறார்.

அந்த வருஷம் ஏர் பின்னால் அம்மா சாலில் விதை போட்டாள். அய்யா பத்து எட்டுக்கு ஒருமுறை ஏரை நிறுத்தி, விரலை விட்டு இரண்டாம் கணு வரை இருக்கிறதா என்று பார்த்தார். பருத்தி நன்றாகவே வந்தது. மூன்றாவது வருஷம் எறும்பும் அணிலும் தின்றது போக, முதல் மழையே பேய்மழையாக விழுந்து வண்டல் மூடி மறு விதைப்பு வேண்டியதாயிற்று. புழுதி விதைப்பு என்றால் எல்லா வருஷமும் ஜெயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாலு வருஷத்தில் மூன்று கைகொடுத்தால் எங்கள் காட்டில் அதுவே பெரிது.

பிறகு நான் அடங்கல் எழுதப் போய்விட்டேன். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு பசலிக்கும் பயிர் வாரியாக எழுதிக்கொண்டே வந்ததில், பருத்தி என்ற கலம் சுருங்குவதைக் கண்ணால் பார்த்தேன். மில்கள் நீள இழை கேட்டன. 1968-ல் கோயம்புத்தூரில் வந்த எம்.சி.யு. 5 மாதிரி ரகங்கள்தான் அவர்களுக்குப் பிடித்தது. எம்.சி.யு. என்றால் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்று விரிவு. ஒரு பருத்திக்குள் மூன்று சீமை. கருங்கண்ணிக்கு விலை இறங்கியது. காய்ப்புழுவுக்கு மருந்தடித்துக் கட்டவில்லை. பருத்தி எடுக்க ஆள் கூலி ஏறியது. இளவட்டங்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். விட்ட நிலத்தில் சீமைக்கருவேலம் ஏறியது. அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. கடைசிப் பத்துப் பதினைந்து வருஷம் மக்காச்சோளம் என்றே எழுதினேன். 2018-ல் படைப்புழு வந்து அதையும் ஒரு ஆட்டு ஆட்டியது. இப்போது காட்டுப்பன்றி. அதனால்தான் தம்பி மகன் குதிரைவாலி பக்கம் திரும்பியிருக்கிறான்.

கோவிலாங்குளத்தில் விதையைப் பற்றி விவரம் கேட்டு வந்து சொன்னேன். டிராக்டரில் விதைக்கும் கருவி வாடகைக்குப் பேசியிருக்கிறானாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமாம். "ஆழம் எவ்வளவு வைக்கச் சொன்னாய்?" என்று கேட்டேன். "அதெல்லாம் மிசின் பாத்துக்கிடும் பெரியப்பா" என்றான். குதிரைவாலி பொடி விதை. பருத்தியைப் போல ஆழத்தில் போட்டால் மேலே வராது. பருத்திக்குச் சொன்னதை இதற்குச் சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் விதைக்கிற அன்றைக்கு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். குனிய முடியாது, முட்டி ஒத்துழைப்பதில்லை. ஒரு நாற்காலியைக் காட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் உட்கார்ந்தபடியே விரலை விட்டுப் பார்த்துக்கொள்வேன்.